மோமியா: கஞ்சாச் செடியின் மெழுகும் பிசினும்

சென்ற வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் தாவரவியல் மாணவர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். கஞ்சாச் செடியின் மஞ்சரிமீது வெண்மையாகப் பூத்திருப்பது மெழுகுதானே? அந்த மெழுகு மிகுந்த செடிகளைத்தானே உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள்? இல்லை என்று ஒரே சொல்லில் விடையளித்து அடுத்த பக்கத்துக்குச் சென்றிருக்கலாம். ஆனால் இந்தப் பிழை அவருடையது மட்டுமன்று. அச்சில் வந்த சான்றை மட்டும் கணக்கிட்டாலும் அதற்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அது எங்கிருந்து வந்தது, எதை மறைத்தது என்பதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானெஸி, இந்தியக் கஞ்சாவின் மருத்துவப் பயன்களைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். மேலை மருத்துவத்தில் கஞ்சா இடம்பெறுவதற்கு வழிவகுத்த கட்டுரை அது. அதில் சரஸ் சேகரிக்கும் முறையை அவர் விவரிக்கிறார். மத்திய இந்தியாவில் தோலாடை அணிந்த ஆட்கள் கஞ்சாக் கொல்லைகளுக்குள் செடிகளை உரசிக்கொண்டு ஓடுவார்களாம். ஆடையில் ஒட்டும் பிசினைப் பின்னர் சுரண்டி உருட்டுவார்களாம். இந்தக் காட்சியைப் பலரும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நான் சுட்ட விரும்புவது அதற்கு அடுத்து வரும் செய்தியை. நேபாளத்தில் கையாலேயே திரட்டப்படும் உயர்தரச் சரஸ் ஒன்று உண்டு. சாதாரண வகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விலைக்குப் போகும். அதன் பெயர் 'மோமியா', அதாவது மெழுகுச் சரஸ்.

'மோம்' என்றால் பாரசீகத்திலும் இந்தியிலும் மெழுகு. வடக்கே மெழுகுவத்தியை 'மோம்பத்தி' என்பதை அறிவோம். அதே பாரசீக வேரிலிருந்துதான் பழைய மருந்துக்கடைச் சரக்கான 'மூமியா' என்ற கருங்கீலும், அங்கிருந்து எகிப்தியப் பதனப் பிணங்களைக் குறிக்கும் 'மம்மி' என்ற சொல்லும் வந்தன. எனவே வணிகர்கள் 'மோமியா' என்றபோது வேதியியல் கூறவில்லை. கைச்சூட்டில் இளகி, உருட்டினால் உருள்கிற தன்மையைக் கூறினார்கள். தரம் பிரிக்கும் சொல்லாக அது நல்ல சொல். அந்தப் பெயர் ஆங்கிலக் கட்டுரைக்குள் நுழைந்து, செடியின்மேல் இருப்பதே மெழுகு என்ற பொருளைப் பெறத் தொடங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

செடியின்மீது உண்மையில் இரண்டு பூச்சுகள் இருக்கின்றன. முதலாவது எல்லா நிலத்தாவரங்களுக்கும் பொதுவானது. இலைத்தோலின் வெளிப்புறத்தில் கியூட்டின் என்னும் பொருளாலான மெல்லிய படலம். அதற்குள்ளும் மேலும் மெழுகு. நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அதன் முதன்மைப் பணி. சாம்பல் பூசணிக்குப் பெயர் தந்த சாம்பல் இந்த மெழுகுதான். அக்காயின் பழைய அறிவியல் பெயர்களுள் ஒன்றான 'செரிஃபெரா' என்பதற்கு மெழுகு தாங்கியது என்றே பொருள். இரண்டாவது பூச்சு கஞ்சாவுக்குரியது: பெண் பூக்களைச் சூழ்ந்த பூவடிச் செதில்களில் அடர்ந்து நிற்கும் காம்புடைய சுரப்பித் தூவிகள். அவற்றின் உருண்டைத் தலைகளில் பிசின் நிரம்பியிருக்கும். போதை தரும் பொருள் அந்தப் பிசினில் உள்ளது; மெழுகில் இல்லை. (தமிழில் 'பிசின்' என்பது வேப்பம்பிசினையும் குங்கிலியத்தையும் ஒருசேரக் குறிக்கும். இக்கட்டுரையில் நீரில் கரையாத, சாராயத்தில் கரையும் இரண்டாம் வகையையே குறிக்கிறேன்.)

இந்த இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதுதான் குழப்பத்துக்கு நியாயமான காரணம். சுரப்பி அணுக்கள் பிசினைச் சுரக்கும்போது அது வெளியே வழிந்துவிடுவதில்லை. அணுக்களின் மேலிருக்கும் கியூட்டிக்கிள் படலம் பையைப்போல் உப்பி எழ, அப்பைக்குள் பிசின் தேங்குகிறது. ஆக, பிசின் துளியின் தோல், செடியின் பொதுவான மெழுகுத் தோலேதான். கையால் உரசினாலும் சல்லடையில் உதிர்த்தாலும் பிசினோடு அந்தத் தோலும் வந்தே தீரும். இந்தக் குறிப்பை நினைவில் வைத்திருங்கள். கேம்பிரிட்ஜுக்குச் செல்லும்போது தேவைப்படும்.

அதற்கு முன் நவகாவ். இன்றைய வங்கதேசத்தின் வடமேற்கில் உள்ள இப்பகுதியும், அதை ஒட்டிய தினாஜ்பூர், போக்ரா மாவட்டப் பகுதிகளும் சேர்ந்து 'கஞ்சா மகால்' எனப்பட்டன. வங்காள அரசின் உரிமத்துடன், ஆயத்தீர்வைத் துறையின் கண்காணிப்பில், இங்கு மட்டுமே அந்த மாகாணத்துக்கான கஞ்சா பயிரானது. 1877இல் ஹேம் சந்தர் கெர் என்ற அதிகாரி இச்சாகுபடியைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1893இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகப் பொறுப்பாளர் டேவிட் பிரெயின் மற்றோர் அறிக்கை எழுதினார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது ஒரு நல்ல பயிற்சி. கெர் கணக்குகளைப் பார்க்கிறார். பிரெயின் பூக்களைப் பார்க்கிறார். இருவரும் ஒரே மனிதரிடம் வந்து நிற்கிறார்கள்.

அவர்தான் போத்தார். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு என்று போகும் பயிரில், நவம்பர் வாக்கில் இவர் வயலுக்கு அழைக்கப்படுவார். பூ விரியுமுன்பே ஆண் செடி எது, பெண் செடி எது என்று கண்டறிந்து, ஆண் செடிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார். ஆங்கில ஆவணங்கள் இவரைக் 'கஞ்சா வைத்தியர்' என்றும் சொல்கின்றன. 'போத்தார்' என்பது நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவருக்கான பெயர். பொன்னும் வெள்ளியும் உரசிப் பார்த்தவரின் பட்டத்தைச் செடியின் பால் பார்ப்பவருக்கு மாற்றிக்கொடுத்த வங்காள உழவரின் நகைச்சுவையை நான் மிகவும் விரும்புகிறேன். ஆண் செடிகள் நீங்கினால் மகரந்தம் இல்லை. கருவுறாத பெண் மஞ்சரி வளர்ந்துகொண்டே போகிறது. செதில்களும் சுரப்பிகளும் பெருகுகின்றன. பிப்ரவரியில் அறுத்து, காலால் மிதித்துத் தட்டையாகவோ உருட்டி உருளையாகவோ செய்வார்கள். மிதிக்கும்போது பிசின் மஞ்சரியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த முறையை வரலாற்று நூல்கள் 'பிசினுக்கான தேர்வு' என்று வருணிப்பதுண்டு. பயிர்ப்பெருக்க நோக்கில் அது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. போத்தார் செய்தது சாகுபடி நுட்பம். மரபுத் தேர்வு அன்று. தேர்வு என்றால் எந்தச் செடியின் விதை அடுத்த ஆண்டுக்குப் போகிறது என்ற கேள்விக்கு விடை வேண்டும். விதையே இல்லாமற் செய்வதுதான் இவரது தொழில்! அப்படியும் விதை ஓரளவு பிடிக்கத்தான் செய்யும். போத்தாரின் கண்ணுக்குத் தப்பிய ஆண் செடி ஏதேனும் இருந்திருக்கும். பெண் செடியிலேயே அங்கங்கே ஆண் பூக்கள் தோன்றியிருக்கும். இத்தகைய வயலில் கிடைக்கும் விதைக்குத் தந்தை யார்? பிசினில் சிறந்த செடி என்று யாரும் தேர்ந்த செடி அன்று. நாடறிந்த நிபுணரை ஏமாற்றிய செடி. தேர்வு இங்கு நடந்திருந்தால் அது தப்பிக்கும் திறனுக்கான தேர்வு. தாய்வழியிலும் அதே முரண்பாடு: விதை வைத்த செடி என்றாலே போத்தார் விரும்பிய நிலையிலிருந்து தவறிய செடிதான். இது என் ஊகம். மரபணுச் சான்று கொண்டு சோதிக்கத் தக்க ஊகம். 1904இல் பிரெயின் கஞ்சாப் பூக்களின் பால் வேறுபாடுகளையும் அதில் தோன்றும் பிறழ்வுகளையும் பற்றித் தனி ஆய்வுரை ஒன்று எழுதும் அளவுக்கு அவற்றில் ஈடுபட்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

பிரெயினின் 1893 அறிக்கை மற்றொரு வகையிலும் முக்கியமானது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து அதே ஆண்டில் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைந்தது. மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர். அவர்களுள் மூவர் இந்தியர். 1,193 பேரின் சாட்சியம் திரட்டப்பட்டது. பயிர் எங்கெங்கு இருந்தது என்று ஆணையம் துருவியபோது சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பகுதியும் ஜவ்வாது மலையும் கணக்கில் வந்தன. ஏழு தொகுதிகளும் துணைத் தொகுதியுமாக 1894-95இல் வந்த அதன் அறிக்கையை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. மாணவர்கள் மேற்கோள்களை விட்டு மூலத்துக்கே போகவேண்டும்.

கஞ்சா என்பது என்ன என்று ஆணையம் வரையறுத்த விதத்தைக் கவனியுங்கள். சாகுபடி செய்த பெண் செடிகளின் உலர்ந்த பூமுனைகள். தாராளமாக விதை பிடிக்க இயலாமற்போனதால் அவற்றின்மேல் பிசின் பூசப்பட்டிருக்கும். பிரெயினிடமிருந்து வந்த கருத்து இது. பூச்சு என்ற எண்ணம் வரையறைக்குள்ளேயே அமர்ந்துவிட்டது. ஆனால் அது பிசின்தான் என்று பிரெயின் ஐயமின்றிச் சொன்னார். 'மோமியா' தந்த மயக்கம் அவரிடம் இல்லை. இன்றைய 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் பூமுனையையும் பிரித்தெடுத்த பிசினையும் சுற்றித்தான் கோடு கிழிக்கிறது. பூமுனையோடு சேராத தனி இலையும் விதையும் 'கஞ்சா' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. சட்டம் பின்தொடர்வது சுரப்பித் தூவிகளின் பரவலை. இலை முழுவதும் விரவியிருக்கும் மெழுகின்மேல் எந்தக் காலத்திலும் தீர்வையும் இல்லை, தண்டனையும் இல்லை. அதனாலேயே அதைப் பார்க்க ஆளும் இல்லை.

பார்த்தவர்கள் வேண்டாத பொருளாகவே பார்த்தார்கள். 1896இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்னும் மூவர் சரஸை வடித்துப் பிரித்தனர். எளிதில் ஆவியாகும் டெர்பீன் ஒன்று, அதைவிட உயர்ந்த கொதிநிலையுள்ள செஸ்குடெர்பீன் ஒன்று, தடித்த செந்நிற எண்ணெய் ஒன்று, இவற்றோடு படிகமாக ஒரு பாரஃபின். செந்நிற எண்ணெய்க்குக் கன்னபினால் என்று பெயரிட்டார்கள். எல்லாப் புகழும் அதற்கே போயிற்று. பாரஃபினுக்கு அவர்கள் கண்ட வாய்பாடு 29 கரிம அணுக்களும் 60 நீரக அணுக்களும் கொண்டது. ஏறத்தாழ 64 பாகையில் உருகுவது. நோனகோசேன் எனப்படும் அந்தச் சேர்மம்தான் கஞ்சா இலை மெழுகின் ஆல்கேன்களில் முதன்மையானது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆக, முதன்முறையாக ஒரு வேதியியலாளரின் குடுவையில் செடியின் உண்மையான மெழுகு வந்து உட்கார்ந்தது 1896இல். உப்பிய பையின் தோலோடும் ஒட்டி வந்த இலைத்துகளோடும் அது சரஸுக்குள் நுழைந்திருக்க வேண்டும். வணிகர் மெழுகு என்றழைத்த பண்டத்துக்குள் மெழுகும் ஒரு மூலையில் இருந்ததென்பது வரலாற்றின் குறும்பு.

அதன்பின் எழுபது ஆண்டு வேதியியலும் மெழுகை நீக்குவதிலேயே கவனமாயிருந்தது. பெட்ரோலிய ஈதரும் ஹெக்சேனும் பிசினைக் கரைக்கும்போது மெழுகையும் கரைத்துவிடும். ஆகவே குளிர்ந்த சாராயத்தில் வைத்து மெழுகு உறைந்து கீழே படிந்தபின் வடிகட்டவேண்டும். இன்றைய மருந்து ஆலைகளிலும் இந்தக் குளிர்வடிப்பு ஓர் அன்றாடப் படி. 1964இல் காவோனியும் மெகூலமும் டெட்ராஹைட்ரோகன்னபினாலைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தபின், பெருக்கவியலாளருக்குக் கேள்வி தெளிவாகிவிட்டது: எந்தக் கன்னபினாய்டு, எவ்வளவு? 2003இல் வேதிவகையின் மரபுவழி ஓர் இடத்தின் மாற்றுருக்களால் பெரிதும் விளக்கப்பட்டபோது அக்கேள்விக்கு மரபியல் விடையும் கிடைத்தது.

பிற பயிர்களில் நடந்ததோடு இதை ஒப்பிட்டால்தான் இழப்பின் அளவு புரியும். வாற்கோதுமையில் ஸ்வீடன் நாட்டவர் கதிர்வீச்சாலும் வேதிப்பொருள்களாலும் மெழுகு குன்றிய பிறழ்வுகளை உண்டாக்கித் திரட்டினார்கள். லுண்ட்குவிஸ்டும் வான் வெட்ஸ்டைனும் 1962இல் வெளியிட்ட கட்டுரை அதன் தொடக்ககால மைல்கல். மெழுகைக் கட்டுப்படுத்தும் 79 மரபிடங்கள் அந்தத் திரட்டிலிருந்து அடையாளம் காணப்பட்டன. கோதுமையில், மற்றெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவும் சாம்பல் பூப்பு மட்டும் வேறாகவும் உள்ள இணைவரிசைகளை 1980களில் வறண்ட நிலத்தில் வளர்த்துப் பார்த்து, பூப்புள்ளவை மிகுதியாக விளைவதைக் கண்டார்கள். நம் சோளத்தட்டையின் உறையில் விரல் வைத்தால் ஒட்டும் வெண்மாவும் இதுவே. மாவில்லாச் சோளம் நீரை விரைவில் இழக்கும். மெழுகு மிகுந்தால் எப்போதும் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. மெழுகு குறைந்து பளபளக்கும் வெங்காயத் தாளில் இலைப்பேன் குறைவு. அத்தகைய முட்டைக்கோசில் வைரமுதுகுப் பூச்சியின் சேதம் குறைவு. இப்படி ஒவ்வொரு பயிரிலும் மெழுகுக்கு ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

கஞ்சாவுக்கு அந்தக் கணக்கு எழுதப்படாமற்போனதற்குச் செடியின் இயல்பு காரணமன்று. இப்பயிரின் வரலாற்றைப் பார்த்தவர் எல்லோரும் காசு இருந்த இடத்தைப் பார்த்தார்கள்: வணிகர், தீர்வை அதிகாரி, வேதியியலாளர், காவலர். நாருக்கும் விதைக்கும் இச்செடியை வளர்ப்போருக்கு, குறிப்பாக மானாவாரி மலைச்சரிவில் வளர்ப்போருக்கு, இலை எவ்வளவு நீரை இழக்கிறது என்பது பிசினின் அளவைவிட நெருக்கமான கவலை. உத்தராகண்டில் 0.3 விழுக்காட்டு வரம்புக்குள் உரிமத்துடன் பயிரிட அனுமதி வந்தபின், பிசினில் ஏழையாகவும் வறட்சியில் உறுதியாகவும் உள்ள ரகங்கள் வேண்டும் என்ற தேவை முதன்முறையாகச் சட்டத்தின் மொழியிலேயே எழுந்திருக்கிறது. அத்தகைய ரகங்களுக்கான மூலப்பொருள் இமயமலை நாட்டு ரகங்களில் கிடைக்கலாம். அவற்றிலும் வேண்டியதைப் பிசினைக்கொண்டு மட்டும் தரம் பிரித்தால், மீண்டும் மோமியாக் கண்ணாடிதான்.

நவகாவின் பயிர் இன்று இல்லை. 1917இல் உழவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பல பத்தாண்டுகள் அதை நடத்தியது. 1980களின் பிற்பகுதியில் வங்கதேசம் சாகுபடியை நிறுத்தியது. போத்தாரின் கண்ணை ஆவணத்திலிருந்து மீட்க முடியாது. ஆனால் மெழுகைப் பற்றி ஒரு நற்செய்தி உண்டு. டெட்ராஹைட்ரோகன்னபினால் காற்றும் ஒளியும் பட்டுச் சிதைந்து கன்னபினாலாக மாறிவிடும். கேம்பிரிட்ஜ் மூவர் பெயரிட்டதும் பெரும்பாலும் பழஞ்சரக்கின் சிதைவுப் பொருளையே. 2019இல் பாமிர் மலையின் ஜிர்சங்கல் இடுகாட்டில், ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழைய மரத் தணற்கலங்களில் கண்டெடுத்ததும் அந்தக் கன்னபினாலின் தடம்தான். மெழுகின் நீள் ஆல்கேன்களோ எளிதில் சிதைவதில்லை. ஏரிப்படிவுகளில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் தாண்டியும் அவை கிடைக்கின்றன. பண்டைய தாவரச் சூழலைக் கணிக்க நிலவேதியியலாளர் அவற்றைத்தான் அளக்கிறார்கள்.

அப்படியானால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழுத்தி ஒட்டிய கஞ்சா உலர்தாவரத் தாள்களில் பிசின் சொல்ல வேண்டியதைப் பெரிதும் மறந்திருக்கும், மெழுகு மறந்திருக்காது. கரிமச் சங்கிலிகளின் நீள விகிதத்தை, திரட்டிய இடத்தின் மழையளவோடும் பயிரா காட்டுச்செடியா என்ற குறிப்போடும் ஒப்பிட இலையின் சிறு துணுக்கு போதும். ஒரே தாளில் பூவடிச் செதிலையும் கீழிலையையும் தனித்தனியே அளப்பது முக்கியம். இரண்டின் விகிதமும் ஒன்றாயிராது. உலர்தாவரக் காப்பகங்களில் பணிபுரியும் நண்பர்கள், நவகாவ், தினாஜ்பூர், கண்டுவா, ஜவ்வாது மலை ஆகிய இடங்களின் பெயர் தாங்கிய தாள்கள் தங்கள் அலமாரிகளில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தாளின் எண்ணும் திரட்டிய மாதமும் போதும். மாதம் தெரிந்தால் அச்செடி போத்தார் வந்து போவதற்கு முன் பறித்ததா, பின் பறித்ததா என்பதை ஓரளவு கணிக்கலாம்.